வலி வந்ததும் படுத்தே கிடக்கணுமா? (முதல் பிரசவம், 36 வாரம்)

கொத்தமல்லிக்கட்டு:
எல்லாருக்கும் வணக்கம். முதல் குழந்தை, 36 வாரம் முடிஞ்சிருக்கு. தலை கீழ திரும்பிடுச்சுன்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க. பிபி, சுகர் எதுவும் இல்ல.

போன வருஷம் நாத்தனாருக்குப் பிரசவம். நான் வராந்தாவுலயே உக்காந்திருந்தேன். கர்ப்பப்பை வாய் 3 சென்டிமீட்டர் திறந்தப்பவே கட்டில்ல ஏத்தினவங்க 14 மணி நேரமும் மல்லாக்கவே படுக்க வெச்சிருந்தாங்களாம். "வலியைக்கூடத் தாங்கிட்டேன் அண்ணி, ஒருக்களிச்சுப் படுக்க விடாததைத்தான் தாங்க முடியல"ன்னு இன்னிக்கும் சொல்றா. எங்க அம்மா நேர் எதிர். வலி எடுத்தா விடிய விடிய நடக்கணும், உக்காந்தா புள்ள மேல ஏறிக்கும்னு மிரட்டுது. டாக்டர்கிட்ட கேட்டேன், "அதெல்லாம் அப்பப் பாத்துக்கலாம்மா"ன்னு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க.

யூடியூப்ல ஒரு பெரிய பந்து மேல உக்காந்து ஆடுறாங்க. நானும் ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன் (வீட்டுக்காரர் சிரிக்கிறார்). நம்ம ஊர் வார்டுல நிஜமாவே என்ன செய்ய முடிஞ்சுது, எது உதவுச்சு, எது வெட்டி வேலைன்னு அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

ரெண்டுபையன்அம்மா:
எனக்கு ரெண்டும் ரெண்டு விதம். மூத்தவனுக்கு உங்க நாத்தனார் கதைதான். கட்டிலை விட்டு இறங்கினா திட்டு.

சின்னவனுக்கு வேற ஆஸ்பத்திரி. அங்க ஒரு வயசான சிஸ்டர், "ஏன் படுத்திருக்கே, உடம்பு முடியலையா?"ன்னு கேட்டாங்க. எழுந்து நின்னேன். ஜன்னல் கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சு, நெத்தியைக் கம்பி மேல சாய்ச்சு, இடுப்பை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கிட்டே இருந்தேன். யாரும் சொல்லித் தரல, உடம்பே செஞ்சுது. மார்கழி மாசம், கம்பி சில்லுன்னு இருந்தது. அந்தச் சில்லுதான் இப்பவும் ஞாபகத்துல நிக்குது, வலி நிக்கல. வலி விட்டதும் ஸ்டூல்ல உக்காந்து கட்டில் மேல தலை சாய்ச்சுக்குவேன். அடுத்தது வரும்போது திரும்ப ஜன்னல்.

ரெண்டாவது பிரசவம்னாலே சீக்கிரம் ஆகும்னு சொல்வாங்க, அதனால நின்னதாலதான் ஆச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா மூத்தவனுக்கு நான் கத்தின கத்தலுக்கு, சின்னவனுக்குப் பாதிகூடக் கத்தல.

லேபர்வார்டு_அக்கா:
அரசு ஆஸ்பத்திரியில 19 வருஷமா பிரசவ வார்டு ஸ்டாஃப் நர்ஸ். கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

முதல்ல உங்க அம்மா சொன்னது. விடிய விடிய நடக்காதீங்க! முதல் பிரசவத்துல நான் அதிகமாப் பாக்குற தப்பே இதுதான். ராத்திரி 10 மணிக்கு லேசா இடுப்பு பிடிக்க ஆரம்பிச்சிருக்கும், வீட்டுல எல்லாரும் சேர்ந்து மொட்டை மாடியில நடக்க வெச்சு, காலையில 6 மணிக்கு எங்ககிட்ட கூட்டிட்டு வருவாங்க. பாத்தா 2 சென்டிமீட்டர்தான் திறந்திருக்கும். பொண்ணு அதுக்குள்ள துவண்டு போயிருக்கும். முக்க வேண்டிய நேரத்துல முக்கத் தெம்பு இருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2018ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, நிஜமான வேகப் பிரசவம் 5 சென்டிமீட்டர்ல இருந்துதான் ஆரம்பம்னு சொல்லிட்டாங்க. முன்னாடி நாங்க 4ன்னு படிச்சோம். மணிக்கு 1 சென்டிமீட்டர் திறந்தே ஆகணும்ங்கிற பழைய கணக்கையும் அதுலயே தளர்த்திட்டாங்க. அதுக்கு முன்னாடி வர்ற வலியில சாப்பிடுங்க, வெந்நீர்ல குளிங்க, இடது பக்கம் ஒருக்களிச்சு, முட்டிக்கு நடுவுல தலகாணி வெச்சுத் தூங்குங்க. வீட்டுல சீரகக் கஷாயம் வெச்சுக் குடுப்பாங்க, சூட்டு வலியா இருந்தா அடங்கிடும்னு. தாராளமாக் குடிங்க, தண்ணி உள்ள போறது நல்லதுதான்.

5க்கு மேல போனதும் மல்லாக்கப் படுக்கறதைத் தவிர எது சௌகரியமோ அதைச் செய்யுங்க. மல்லாக்கப் படுத்தா கர்ப்பப்பையோட மொத்தக் கனமும் முதுகெலும்பை ஒட்டிப் போற பெரிய ரத்தக்குழாய் மேல உக்காரும். அம்மாவுக்குத் தலை சுத்தும், குழந்தைக்குப் போற ரத்தம் குறையும். ஒருக்களிச்சுப் படுங்கன்னு நாங்க சொல்றது இதுக்காகத்தான்.

"மானிட்டர் மாட்டியிருக்கு, இறங்கக் கூடாது"ம்பாங்க. பிரச்சினை எதுவும் இல்லாத பொண்ணுக்கு நாள் பூரா பெல்ட் கட்ட வேண்டியதே இல்ல. 15 நிமிஷத்துல இருந்து 30 நிமிஷத்துக்கு ஒரு தரம் டாப்ளர்ல (வயித்து மேல வெச்சுத் துடிப்பு கேக்குற சின்னக் கருவி) கேட்டா போதும், முக்குற கட்டத்துல 5 நிமிஷத்துக்கு ஒரு தரம். நின்னுக்கிட்டே கேக்கலாம். கையில ஊசி குத்தியிருந்தாலும் ட்ரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கிட்டு நடக்கலாம்.

நடக்கவே கூடாத ஆளுங்களும் உண்டு. ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழ இருக்கிறது, பிபி ஏறி மெக்னீசியம் ஊசி ஓடுறவங்க, துடிப்பு இறங்குதுன்னு டாக்டர் சொன்னவங்க. தலை இன்னும் இறங்காம மேலயே இருக்கும்போது பனிக்குடம் உடைஞ்சாலும் சொல்ற வரைக்கும் எழுந்திருக்காதீங்க. தொப்புள்கொடி நழுவி முன்னாடி வந்துடலாம்.

அப்புறம் ஒண்ணு, சொல்லவே சங்கடமா இருக்கு. 6, 7 சென்டிமீட்டர்ல "மோஷன் வருது சிஸ்டர்"னு இந்தியன் டாய்லெட்டுக்குப் போய்க் குத்தவெச்சு முக்கிடறாங்க. அது மோஷன் இல்ல, குழந்தையோட தலை. கர்ப்பப்பை வாய் முழுசாத் திறக்காம முக்கினா அது வீங்கிக்கும். அந்த உணர்வு வந்தா முதல்ல எங்களைக் கூப்பிடுங்க.

ஆடிப்பெருக்கு:
எதிர்ப்பாட்டு ஒண்ணு பாடிட்டுப் போறேன், கோவிச்சுக்காதீங்க.

நான் எல்லாத்தையும் செஞ்சேன். 5 மாசத்துல இருந்து ஒரு யோகா வகுப்பு. பட்டாம்பூச்சி ஆசனம், குத்தவெச்சு வீடு துடைக்கிறது, எட்டு போட்டு நடக்கிறது, பந்து, ஒண்ணு விடல. "இதைச் செஞ்சா கண்டிப்பா நார்மல்தான்"னு அந்த டீச்சர் 12 பேர் முன்னாடி சொன்னாங்க. 20 மணி நேரம் நின்னு, நடந்து, ஆடி, 8 சென்டிமீட்டர்ல தலை இறங்கவே இல்ல. சிசேரியன். அப்புறம் டீச்சருக்குப் போன் போட்டா, "நீங்க ஒழுங்கா ப்ராக்டிஸ் பண்ணலையோ?"ங்கறாங்க.

ஆறு மாசம் அந்தக் கேள்வியோடதான் படுத்தேன், எழுந்தேன். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 100 பிரசவத்துக்குக் கிட்டத்தட்ட 45 சிசேரியன், தனியார்ல மட்டும் எடுத்தா 64. இத்தனை பேரும் ஒழுங்கா ஆடாததாலயா?

இயன்முறை_இல்லம்:
ஆடிப்பெருக்கு, அந்த டீச்சர் சொன்னது அநியாயம். நான் பிசியோ, கர்ப்பிணிகளுக்குத்தான் அதிகம் பாக்குறேன். நார்மல் ஆகும்னு வாக்குக் குடுக்க யாராலயும் முடியாது.

அசைவால என்ன கிடைக்கும்ங்கிறதுக்கு ஓரளவு கணக்கு இருக்கு. 2013ல வந்த கோக்ரேன் தொகுப்புல (பல ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பாக்குறது) 25 ஆய்வு, 5,200க்கும் மேல பெண்கள். முதல் கட்டத்துல, அதாவது முக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, நிமிர்ந்தோ நடந்தோ இருந்தவங்களுக்குப் படுத்திருந்தவங்களைவிட சராசரியா 1 மணி 22 நிமிஷம் குறைஞ்சிருக்கு. சிசேரியனும் எபிடியூரலும் (வலி தெரியாம இருக்க முதுகுல போடுற மரப்பு ஊசி) கொஞ்சம் கம்மி. அவ்வளவுதான். 1 மணி 22 நிமிஷம் பெரிய விஷயமான்னு வலியில இருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க!

ஏன் அப்படின்னு படிக்கிறதைவிட இப்பவே உக்காந்த இடத்துல பாத்துக்கலாம். பலகையோ மர நாற்காலியோ, கெட்டியான இடத்துல உக்காருங்க. ரெண்டு உள்ளங்கையையும் மேல் பக்கமாத் திருப்பிப் பின்பக்கத்துக்கு அடியில வைங்க. ரெண்டு எலும்பு கையில குத்தும். இப்ப முட்டி ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்து, குதிகாலை வெளிப்பக்கமாத் தள்ளுங்க. அந்த எலும்பு ரெண்டும் விலகிப் போறது தெரியும். முட்டியை அகட்டினா திரும்ப நெருங்கி வரும்.

இடுப்பெலும்பு ஒரே அளவு வளையம் கிடையாது. மேல்வாய் குறுக்குவாட்டுல அகலம், கீழ்வாய் முன்னும் பின்னும் அகலம். அதனாலதான் குழந்தை திருகித் திருகி இறங்குது. தலை மேலயே இருக்கிறப்ப முட்டி அகட்டின நிலைகள் உதவும்: பந்து மேல காலை அகட்டி உக்காரலாம், இல்ல முட்டி போட்டு முன்னாடி சாயலாம். தலை நல்லா இறங்கினப்புறம் முட்டி உள்ள, பாதம் வெளிய. ஒருக்களிச்சுப் படுத்து, மேல் காலோட முட்டியைக் கீழ்க் காலோட முட்டிக்கிட்ட வெச்சு, பாதத்தை மட்டும் தூக்கினா அதுவே வந்துடும். மல்லாக்கப் படுத்தா என்ன நடக்குதுன்னா, பின்னாடி நகர்ந்து வழி விட வேண்டிய திருவெலும்பும் வால் எலும்பும் மெத்தையில அழுந்திப் போயிடுது. கதவு பின்பக்கம் திறக்கணும், கதவுக்குப் பின்னாடி பீரோவை நிறுத்தின மாதிரி.

எல்லாத்துக்கும் குத்தவைக்கிறதுதான் மருந்துன்னு நம்ம ஊர்ல ஒரு நினைப்பு. ஆழமாக் குத்தவைக்கிறது கீழ்வாயைத் திறக்கும். தலை மேல மிதந்துக்கிட்டு இருக்கிறப்ப அதனால பெருசாப் பலன் இல்ல, கால்தான் மரத்துப் போகும்.

முதுகு பிளக்குற மாதிரி வலிச்சா, குழந்தையோட முதுகு அம்மா முதுகுப் பக்கம் திரும்பியிருக்கலாம். அப்ப முட்டியும் கையும் ஊணி நாலு கால்ல நிக்கிறது நல்ல சுகம் குடுக்கும். குழந்தை அதனாலேயே திரும்பிடும்னு சிலர் சொல்றாங்க, அதுக்கு உறுதியான சான்று இல்ல. முதுகுவலி குறையறதுக்கு இருக்கு. அதுக்காகவே செய்யலாம். நாற்காலி மேல ஒரு பாதத்தைத் தூக்கி வெச்சு, வலி வரும்போது அந்தப் பக்கமா மெதுவாச் சாய்ஞ்சு சாய்ஞ்சு எழறதும் நல்லது. பாதம் பக்கவாட்டைப் பாக்கணும், பிடிச்சுக்க யாராவது பக்கத்துல நிக்கணும்.

கணக்குவாத்தியார்:
ஆம்பளை ஒருத்தன் பேசலாமா? எங்க ஆஸ்பத்திரியில என்னை உள்ள விட்டாங்க, அதனால சொல்றேன்.

நான் போனப்ப கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னேன். "தண்ணி வேணுமா, தண்ணி வேணுமா"ன்னு கேட்டே அவளை எரிச்சல் படுத்தினேன். அப்ப டூட்டி சிஸ்டர் வந்து, "சார், இங்க வாங்க"ன்னு என் ரெண்டு கையையும் பிடிச்சு அவ இடுப்பு மேல வெச்சாங்க. பின்பக்கத்தோட சதைப்பிடிப்பான ரெண்டு பக்கத்துலயும் உள்ளங்கை, விரல் மேல் நோக்கி. வலி ஆரம்பிச்சதும் ரெண்டு கையையும் ஒண்ணை நோக்கி ஒண்ணு, உள்பக்கமா, கொஞ்சம் மேல்பக்கமா அமுக்கணும். அமுக்குறதுன்னா சப்பாத்தி மாவு அமுக்குற அமுக்கு இல்ல. முழங்கையை விரிச்சு, நெஞ்சுல இருந்து பலம் வரணும். அவ கட்டில்ல கையை ஊணி முன்னாடி குனிஞ்சு நின்னா. முதல் தடவை அமுக்கினதும் "விடாதே"ன்னா. 4 மணி நேரம் விடல. மறுநாள் கரும்பலகையில எழுதக் கை தூக்க முடியல.

இப்படி அமுக்கி அமுக்கிக் கை சளைச்சா, உள்ளங்கையோட அடிப்பாகத்தை முதுகுத்தண்டு முடியுற இடத்துல வெச்சு நேரா அழுத்துங்க. டென்னிஸ் பந்து வெச்சும் அழுத்தலாம்.

ஏட்டுச்சுரைக்காய்:
இதெல்லாம் நம்ம பாட்டிமாருக்குத் தெரிஞ்சதுதான். பிரான்ஸ் ராஜா 14ஆம் லூயிக்குப் பிரசவத்தைப் பாக்குற ஆசை, அவனுக்குத் தெரியணும்னுதான் பொண்ணுங்களைப் படுக்கப் போட்டாங்க. அதுல ஆரம்பிச்சது இந்த வினை.

இயன்முறை_இல்லம்:
ஏட்டுச்சுரைக்காய், பேருக்கேத்த மாதிரியே எழுதுறீங்களே! லூயி கதைக்கு ஆதாரம் கிடையாது, வாய்வழியா வளர்ந்தது. பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா மோரிசோ 1668ல எழுதின பிரசவ நூல்ல, பிரசவ நாற்காலிக்குப் பதிலாக் கட்டில்ல சாய்ஞ்சு பெறலாம்னு சொன்னார், அது உண்மை. ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்குறவங்களுக்குக் கட்டில் வசதி, அப்படியே நிலைச்சுப் போச்சு.

பாட்டிமார் விஷயம் சரிதான். நம்ம தேர்ச் சிற்பங்கள்ல பிரசவக் காட்சி இருந்தா கவனிச்சுப் பாருங்க. நடுவுல நிக்கிற பொண்ணு, ரெண்டு பக்கமும் தோள் குடுத்துத் தாங்குற ரெண்டு பொண்ணுங்க.

ரெண்டுபையன்அம்மா:
திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையும் அதானே? காவிரி வெள்ளத்துல அம்மாவால வர முடியல, ஈசனே அம்மா வேஷத்துல வந்து பிரசவம் பாத்தார். சாமியே துணைக்கு ஆள் வேணும்னு ஒத்துக்கிட்டாரு, நம்ம வார்டுல இன்னும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

லேபர்வார்டு_அக்கா:
ஒத்துக்கிட்டாங்கம்மா. 2017 கடைசியில மத்திய அரசு கொண்டு வந்த லக்ஷ்யா திட்டத்துல (பிரசவ வார்டுகளை மேம்படுத்துற திட்டம்) பிரசவத் துணை உண்டு. பொதுவா பிரசவம் ஆன அனுபவம் உள்ள பெண் ஒருத்தரை விடுவோம். கணவரை விடுறது கட்டிலுக்குக் கட்டில் மறைப்பு இருக்கிற இடத்துல மட்டும். எங்க வார்டுல ஒரே ஹால்ல 6 கட்டில், கணக்குவாத்தியார் வந்தா மத்த 5 பேரும் என்ன செய்வாங்க?

தேம்ஸ்_கரை:
நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டன். எபிடியூரல் போட்ட ஆக்களைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை, அதால எழுதுறன்.

எனக்கு எபிடியூரல் போட்டவை. இடுப்புக்குக் கீழ மரத்துப் போச்சு, எழும்பி நிக்கேலாது. சரி, இனிக் கிடக்க வேண்டியதுதான் எண்டு நினைச்சன். மிட்வைஃப் கச்சான் (வேர்க்கடலை) கோது மாதிரி நடுவில ஒடுங்கின ஒரு பந்தைக் கொண்டு வந்து ரெண்டு முழங்காலுக்கும் இடையில வைச்சு, என்னைச் சரிச்சுப் படுக்க விட்டா. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா மற்றப் பக்கம் திருப்புவா. மல்லாக்க மட்டும் விடேல்லை.

முக்கிற நேரம் நான் "என்னை நிமித்தி இருத்துங்கோ" எண்டு கேட்டன், நிமிர்ந்து இருக்கிறதுதான் நல்லது எண்டு எல்லா இடமும் வாசிச்சதால. அதுக்கு அவ சொன்னதுதான் எனக்குப் புதுசு. இங்க 2017ல ஒரு பெரிய ஆய்வு வந்தது, எபிடியூரல் போட்ட முதல் பிள்ளைத்தாய்மாரை வைச்சு. நிமிர்ந்து இருந்தவையில 100க்கு 35 பேருக்குத்தான் ஆயுதமோ சிசேரியனோ இல்லாமல் தானாப் பிறந்தது. பக்கவாட்டில கிடந்தவையில 41 பேருக்கு. அதால சரிஞ்சு கிடந்துதான் மகளைப் பெத்தன். கச்சான் பந்து இல்லாட்டில் தலகாணி ரெண்டை மடிச்சு வைச்சாலும் காணும்.

கொத்தமல்லிக்கட்டு:
எல்லாருக்கும் நன்றி. அந்த எலும்பு பரிசோதனையை அம்மா, வீட்டுக்காரர், மாமியார்னு மூணு பேரும் செஞ்சு பாத்துட்டோம்! அக்கா, ஆஸ்பத்திரியில முன்கூட்டியே என்ன கேக்கணும்? சண்டைக்கு வர்ற மாதிரி இல்லாம?

லேபர்வார்டு_அக்கா:
டாக்டர்கிட்ட மட்டும் கேட்டா பத்தாது, வார்டு சிஸ்டர்கிட்டயும் ஒரு நாள் போய்ப் பேசுங்க. பிரசவ நேரத்துல கூட இருக்கப் போறது அவங்கதான். "சிஸ்டர், துடிப்பு நல்லா இருந்தா கட்டில் பக்கத்துலயே நின்னுக்கலாமா? ஒருக்களிச்சுப் படுத்து முக்கலாமா? கூட யாரை விடுவீங்க?" இந்த மூணு போதும். "மேடம், யூடியூப்ல பாத்தேன்"னு மட்டும் ஆரம்பிக்காதீங்க.

எபிடியூரல் போடாதவங்க முக்குறப்ப நிமிர்ந்திருந்தா வெட்டும் ஆயுதமும் குறையுது, ஆனா ரத்தம் கொஞ்சம் கூடுதலாப் போக வாய்ப்பு இருக்கு. ரத்தசோகை இருக்கிறவங்க இதை டாக்டர்கிட்ட பேசிடுங்க.

படுக்கையே பாவம்னும் நினைக்காதீங்க. தலை வந்து தோள் மாட்டிக்கிட்டா நாங்க முதல்ல செய்றதே மல்லாக்கப் படுக்க வெச்சு ரெண்டு தொடையையும் வயித்தோட மடக்குறதுதான், மெக்ராபர்ட்ஸ் முறை. அதுக்கும் அசையலைன்னா நாலு கால்ல திருப்புறதும் உண்டு. ஐனா மே காஸ்கின்ங்கிற அமெரிக்க மருத்துவச்சி குவாத்தமாலா வழக்கத்துல இருந்து கத்துக்கிட்டுப் பரப்பினது, அவங்க பேர்லயே காஸ்கின் முறைன்னு படிக்கிறோம். அந்த நேரத்துல சிஸ்டர் "திரும்பு"ன்னா ஏன்னு கேக்காம திரும்பணும்.

கொத்தமல்லிக்கட்டு:
(5 வாரம் கழிச்சு) பொண்ணு பொறந்துட்டா! 2.9 கிலோ. ஒரு கையால டைப் பண்றேன்.

ராத்திரி 11 மணிக்கு வலி. அம்மா செருப்பு மாட்டிக்கிட்டு நடக்கத் தயாராயிடுச்சு. நான் சீரகத்தண்ணி குடிச்சுட்டு, முட்டிக்கு நடுவுல தலகாணி வெச்சுப் படுத்துட்டேன். முழுத் தூக்கம் இல்ல, வலிக்கும் வலிக்கும் நடுவுல கண்ணசந்தேன். காலையில 7 மணிக்குப் போனப்ப 5 சென்டிமீட்டர்.

20 நிமிஷம் பெல்ட் கட்டிப் பாத்துட்டுக் கழட்டிட்டாங்க. முதுகு பிளக்குற வலிதான் எனக்கும். நாலு கால்ல நிக்கலாமான்னு கேட்டேன், கட்டில் ரெண்டடி அகலம், "விழுந்து வெச்சிருவே"ன்னு சிஸ்டர் விடல. அதுக்குப் பதிலா கட்டிலோட தலைமாட்டை உயர்த்திக் குடுத்தாங்க. கீழ நின்னுக்கிட்டு அது மேல கையைப் போட்டுக் கவுந்துக்கிட்டேன். துணைக்கு வந்தது பெரியம்மா. வாத்தியார் சொன்ன அமுக்கை நாலு நாள் முன்னாடியே பழகி வெச்சிருந்தோம். பெரியம்மா மாவாட்டின கை, வாத்தியாரைத் தோக்கடிச்சிருக்கும்.

முக்குற கட்டத்துல ஒருக்களிச்சுப் படுத்து அரை மணி போல முக்கினேன். தலை தெரியுதுன்னதும் டாக்டர் வந்தாங்க, மல்லாக்கத் திருப்பிக் கம்பியில காலைத் தூக்கி வெச்சுட்டாங்க. கேட்டேன், "எனக்குக் கை எட்டணும்மா"ன்னாங்க. கடைசி 10 நிமிஷம் அப்படித்தான். தையல் உண்டு.

ஆடிப்பெருக்கு:
வாழ்த்துகள் ம்மா. அந்தப் பந்து என்னாச்சு?

கொத்தமல்லிக்கட்டு:
காத்து அடிச்சு ரெண்டு நாள் உக்காந்தேன். உள்ள எடுத்துட்டு வரக் கூடாதுன்னு ஆஸ்பத்திரி வாசல்லயே வாட்ச்மேன் வாங்கி வெச்சுக்கிட்டார். டிஸ்சார்ஜ் அன்னிக்குப் பாத்தா அவர் பையன் அது மேல குதிச்சுக்கிட்டு இருந்தான். திருப்பிக் கேக்கல.